சேர்க்காமல், விடாமல்

கிரேக்கக் கடற்கரையில் லிந்தேயா என்றொரு சிறு நகரம் இருந்தது. அதன் கிழக்கு வாசலை இருபத்தாறு ஆண்டுகள் காத்தவன் டோரியோன். விடிந்ததும் கதவைத் திறப்பான், பொழுது சாய்ந்ததும் மூடுவான். தோப்புக்குப் போகிறவர்கள், ஆடு ஓட்டுகிறவர்கள், ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். பிள்ளைகள் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒலிவக் காய் பறிக்கும் பருவத்தில், வெயில் ஏறிய ஒரு காலை வேளையில், மலைநாட்டுக் குதிரைவீரர்கள் வந்தார்கள். டோரியோன் கதவைச் சாத்திக் கணையமரத்தைப் போட்டான். கதவுக்குக் குறுக்கே விழும் கனத்த மரம் அது. நகரம் பிழைத்தது. தோப்பிலிருந்து ஓடி வந்த இருபத்திரண்டு பேர் வெளியே நின்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் குதிரைகள் போன பிறகுதான் அவர்களை உள்ளே கொண்டுவர முடிந்தது. ஒருவருக்கும் உயிர் இல்லை.

ஊர் அவனுக்கு இலைமுடி சூட்டியது. சாகும்வரை ஊர்மன்றத்தில் நாளுக்கு ஒருவேளை உணவு என்று தீர்மானம் போட்டது. ‘தளபதியின் ஆணையை நொடியும் தாமதிக்காமல் நிறைவேற்றியவன்’ என்று கல்லில் வெட்டி வாசலருகே நட்டார்கள்.

அந்த உணவு அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. தூக்கமும் போயிற்று. மரத்தில் மரம் இடித்தால் போதும், உடம்பு தூக்கிப்போடும். பக்கத்து வீட்டில் உரலில் இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவான். அவன் மனைவி தெமோ உலக்கையின் நுனியில் துணி சுற்றி இடித்துப் பார்த்தாள். பிறகு தானியத்தைக் கூடையில் எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய் இடித்து வரத் தொடங்கினாள்.

இறந்தவர்கள் யார் யார் என்று அவன் கேட்டதே இல்லை. யாராவது பெயர் சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுவான்.

இப்படிப் பத்து மாதம் போனது. சாயக்காரர் தெருவில் மெலிட்டா என்றொரு பெண்மணி மனத்தை அடக்கும் பயிற்சி சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டான். பழைய ஞானிகள் வழிவழியாகச் செய்து வந்த பயிற்சிகளாம். அவனைவிடப் பதினைந்து வயது இளையவராம். வயதைப் பார்க்கிற நிலையில் டோரியோன் இல்லை. ஒருநாள் தூங்கினால் போதும் என்றிருந்தது.

சாயப்பட்டறைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில் மெலிட்டா உட்கார்ந்திருந்தார். கீழே ஆட்கள் நனைந்த கம்பளியைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்கள் பெயர்?”

“டோரியோன். கிழக்கு வாசல் காவலன்.”

மெலிட்டா அவனையே பார்த்தார். பிறகு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று திரைக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் தண்ணீர் இல்லை.

“என்ன வேண்டும்?”

“மனம் அடங்க வேண்டும் அம்மா.”

“அது என்ன செய்கிறது?”

“தட்டுகிறது.”

கீழே கட்டை விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் டோரியோனின் தோள் துள்ளியது. “வேறு இடத்தில் சொல்லித்தர முடியாதா?” என்றான்.

“எனக்கு இருப்பது இந்த இடம்தான்” என்றார் மெலிட்டா.

முதல் பயிற்சி உயரம் ஏறுவது. “கண்ணை மூடுங்கள். உங்கள் வீட்டுக் கூரையில் நிற்கிறீர்கள். ஊரின் குன்றில் நிற்கிறீர்கள். இப்போது பருந்தின் உயரம். இன்னும் மேலே போங்கள். கடல் ஒரு கிண்ணத்துத் தண்ணீராகும் வரை போங்கள். அங்கிருந்து இந்த ஊரைப் பாருங்கள்.”

டோரியோன் விடாமல் செய்தான். குளிக்கும்போது செய்தான், வாசலில் நிற்கும்போது செய்தான். ஒரு மாதத்தில் நினைத்த மாத்திரத்தில் மேலே போய்விட முடிந்தது. ஒருநாள் முகம் தெளிந்து படியேறி வந்தான்.

“தட்டுவது குறைந்துவிட்டது அம்மா. அங்கிருந்து பார்த்தால் கதவே தெரியவில்லை. இருபத்திரண்டு பேர் என்பது ஒரு புள்ளிகூட இல்லை.”

மெலிட்டா எழுந்தார். “வாருங்கள், நடந்துவிட்டு வரலாம்” என்றார்.

ஊரின் நடுவிலிருந்த குன்றில் ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் மெலிட்டா கீழே கையைக் காட்டினார். தூரத்தில், ஊற்றருகே, இரண்டு சிறு உருவங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்தன.

“என்ன தெரிகிறது?”

“யாரோ இரண்டு பேர் விளையாடுகிறார்கள்.”

“இறங்கிப் பார்ப்போம்.”

இறங்கிப் போனார்கள். ஊற்றருகே ஒருவன் தன் அடிமையைத் தோல்வாரால் அடித்துக்கொண்டிருந்தான். அடிமைக்கு ஒரு கண் மூடிப்போயிருந்தது. அடியிலிருந்து தப்ப அவன் ஊற்றுக் கல்லைச் சுற்றி ஓடினான். எசமான் துரத்தினான். மெலிட்டா குறுக்கே போய் நின்றார். அவருக்கும் தோளில் ஓர் அடி விழுந்தது. எசமான் வைதுகொண்டே போனான். அடிமையும் அவன் பின்னாலேயே போனான். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை.

திரும்பும் வழியில் டோரியோன் தலை நிமிரவில்லை. அன்றைக்குப் பிறகு அவனால் மேலே ஏற முடியவில்லை. கண்ணை மூடினால் கூரையோடு நின்றுவிட்டது. தட்டும் ஓசை முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது.

“எனக்கு உதவிய ஒன்றையும் பிடுங்கிக்கொண்டீர்கள்” என்றான்.

“ஆமாம்” என்றார் மெலிட்டா. “நாளை உங்கள் வீட்டில் மிகவும் மதிப்பான பொருள் எதுவோ அதைக் கொண்டுவாருங்கள்.”

அவன் ஊர் சூட்டிய இலைமுடியைக் கொண்டு வந்தான்.

“இது என்ன?”

“ஊர் எனக்குத் தந்த மரியாதை.”

“மரியாதை நீங்கள் சேர்த்தது. இது என்ன?”

“இலைமுடி.”

“சேர்த்ததை இன்னும் எடுங்கள்.”

டோரியோன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “காய்ந்த இலை. வளைத்த குச்சி. நூல்.”

“எதையாவது விட்டுவிட்டீர்களா?”

“ஒரு பக்கம் பூச்சி அரித்திருக்கிறது.”

“இதுதான் பயிற்சி. இருப்பதோடு எதையும் சேர்க்கக் கூடாது. இருப்பதில் எதையும் விடக் கூடாது. நாம் சேர்ப்பதிலிருந்துதான் அச்சம் வருகிறது என்று எங்கள் முன்னோர்கள் சொன்னார்கள்.”

“விடுவதிலிருந்து?”

“அதைப் பற்றி அவர்கள் அதிகம் சொல்லவில்லை.”

இது அவனுக்குப் பிடித்தது. பல்வலி வந்தபோது, ‘கீழ்த்தாடை, வலப்பக்கம், விட்டு விட்டுச் சுடுகிறது’ என்று சொல்லிப் பார்த்தான். வலி இருந்தது, ஆனால் வலி மட்டும்தான் இருந்தது. பசியைச் சொன்னான். தூங்காத கண்ணின் எரிச்சலைச் சொன்னான். உரல் ஓசையைக்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்தான்: மரம், கல், நடுவில் தானியம். தெமோ உலக்கையிலிருந்து துணியை அவிழ்த்தாள்.

சொல்லச் சொல்ல எல்லாம் சிறிதாகிப்போகிறதே, அந்தக் காலையையும் இப்படியே சொல்லி முடித்துவிடலாம் என்று டோரியோனுக்கு ஆசை வந்தது. அவனாகவே கேட்டான்.

“வாசலைச் சொல்லட்டுமா அம்மா?”

மெலிட்டா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். “சொல்லுங்கள்.”

“எதிரிகள் வந்தார்கள். ஊரைக் காப்பதற்காகத் தளபதியின் ஆணைப்படி…”

“எடுங்கள்.”

“எதை?”

“ஊரைக் காப்பதற்காக என்பதை. அது பிறகு தெரிந்தது.”

டோரியோன் மறுபடி தொடங்கினான். “குதிரைகள் வந்தன. கதவைச் சாத்தினேன். கணையமரத்தைப் போட்டேன்.”

“குதிரைகள் எங்கே இருந்தன?”

“காய்ந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம்.”

“மக்கள்?”

“இந்தப் பக்கம். திராட்சைத் தோட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.”

“ஆணை?”

“என்னோடு காவலில் இருந்தவனைத் தளபதியிடம் கேட்டு வர அனுப்பியிருந்தேன்.”

“அவன் எப்போது வந்தான்?”

கீழே கட்டைகள் ஒன்று மாற்றி ஒன்று விழுந்துகொண்டிருந்தன.

“டோரியோன், அவன் எப்போது வந்தான்?”

“மரம் விழுந்த பிறகு.”

“மரத்தைப் போட எத்தனை பேர் வேண்டும்?”

“ஒருவன் போதும். முளையைக் காலால் தட்டினால் விழுந்துவிடும். தூக்கத்தான் இரண்டு பேர் வேண்டும்.”

“அவர்கள் கதவுக்கு வந்தபோது குதிரைகள் எங்கே?”

“ஆற்றைக் கடந்துகொண்டிருந்தன.”

“மரத்தைத் தூக்கிப் பார்த்தீர்களா?”

“கை வைத்தேன்.”

“தூக்கினீர்களா?”

“இல்லை.” டோரியோன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். “போனவன் மூடு என்ற ஆணையோடு திரும்பி வந்தபோது தட்டுவது நின்றுவிட்டது.”

மெலிட்டா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டி நின்றார். இரண்டு கைகளாலும் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நான் இதை யாரிடமும் சொன்னதில்லை அம்மா. என் மனைவியிடம்கூட.”

“எதையாவது விட்டுவிட்டீர்களா?”

“இல்லை” என்றான் டோரியோன்.

அது பொய். தான் சொல்வது பொய் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

“இன்று போதும்” என்றார் மெலிட்டா. திரும்பவே இல்லை.

படியிறங்கும்போது சாயப்பட்டறைக்காரன் பாசியோன் எதிரே வந்தான். முழங்கை வரை நீலம். டோரியோனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான். பிறகு மனம் கேட்காமல் சொன்னான்.

“உங்களைப் பார்க்கிறபோதெல்லாம் நினைப்பேன். அந்த அம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு.”

“ஏன்?”

“ஏனா? உங்களுக்குத் தெரியாதா?” பாசியோன் கையைத் தன் மேலங்கியில் துடைத்தான், துடைத்த இடமெல்லாம் நீலமானது. “அந்த இருபத்திரண்டு பேரில் அவருடைய பெண்ணும் ஒருத்தி. மிர்ட்டிஸ். பதினாலு வயசு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து இருக்கும். அதன் வழியாகச் சீழ்க்கை அடித்துக்கொண்டே போவாள். உங்கள் வாசல் வழியாகத்தானே தினமும் போவாள்?”

டோரியோனுக்கு முகம் தெரியும். யார் வீட்டுப் பெண் என்றுதான் தெரியாது.

தெருமுனை வரை நடந்தான். அங்கே நின்று மாடி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் அவன் சாயக்காரர் தெருவுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் துறைமுகத்துக்குப் போய், தெற்கே போகும் கப்பல் எப்போது புறப்படும் என்று விசாரித்தான். நாளைக் காலை என்றார்கள். வீட்டுக்கு வந்து மாற்றுச் சட்டையை மடித்து மூட்டையில் வைத்தான். தெமோ பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் கப்பல் போனது. அவன் போகவில்லை.

ஐந்தாம் நாள் ஊர்மன்றத்துக்குப் போனான். மதிய உணவுக்குப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். தளபதியும் இருந்தார். டோரியோன் நடுவில் போய் நின்றான்.

“கல்லில் இருப்பது பொய். நான் ஆணைக்குக் காத்திருக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது, மரத்தைப் போட்டேன். அவர்கள் உள்ளே வர நேரம் இருந்தது.”

தளபதி பெரியவர்களைப் பார்த்தார். பெரியவர்கள் தளபதியைப் பார்த்தார்கள்.

“நேரம் இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் ஒருவர்.

“எனக்குத் தெரியும்.”

“நீ களைத்திருக்கிறாய். நீ மூடியதால்தான் நாங்கள் இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். நீயும் உட்கார். அந்த மீனை அவன் பக்கம் தள்ளு.”

“எனக்குத் தண்டனை வேண்டும்.”

தளபதி எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். மன்றத்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். “கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது, டோரியோன்” என்று மெதுவாகச் சொன்னார். “என் பெயரும் அதில் இருக்கிறது. போய்த் தூங்கு.”

அதோடு அது முடிந்துபோயிற்று. அவனைச் சிறையில் போடவில்லை, வேலையிலிருந்து நீக்கவில்லை. மறுநாள் வாசலில் போகிற வருகிறவர்கள் எப்போதும் போல அவனுக்குக் கை அசைத்தார்கள்.

பத்தாம் நாள் உச்சிவேளையில் டோரியோன் சாயக்காரர் தெருவுக்கு வந்தான். படியின் அடியில் நின்றான். கட்டைகள் அடித்துக்கொண்டிருந்தன. பாசியோன் அவனைப் பார்த்தான், அவனும் பாசியோனைப் பார்த்தான். பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான்.

மெலிட்டா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பத்து நாளில் இளைத்திருந்தார்.

“உட்காருங்கள்.”

அவன் நின்றான். “முதல் நாளே நான் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?”

“பெயர் சொன்னீர்களே.”

“அன்றே என்னைத் துரத்தியிருக்கலாம். முகத்தில் துப்பியிருக்கலாம். அல்லது கேட்டிருக்கவாவது செய்யலாம்.”

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?”

டோரியோன் யோசித்தான். “தளபதியின் ஆணை என்று சொல்லியிருப்பேன்.”

“அதைக் கல்லிலேயே படித்துவிட்டேன்.”

“பிறகு எதற்காக எனக்குப் பயிற்சி சொல்லித்தந்தீர்கள்? என் மேல் இரக்கப்பட்டா?”

“இல்லை” என்றார் மெலிட்டா. “அப்படியெல்லாம் சேர்க்காதீர்கள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது உங்கள் காது ஒன்றுதான். அது கேட்டது எனக்கு வேண்டியிருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் ஆகும்வரை காத்திருந்தேன்.”

டோரியோன் தரையில் உட்கார்ந்தான். முழங்கால்களைக் கட்டிக்கொண்டான்.

“அன்று நான் ஒன்றை விட்டுவிட்டேன்.”

“சொல்லுங்கள்.”

“கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கத்தினார்கள். அழுதார்கள். சிலர் என்னை வைதார்கள். உள்ளங்கையால் அடித்தார்கள், கல்லால் அடித்தார்கள். ஒரு பெண் மட்டும் கத்தவில்லை. கதவுப் பலகையின் இடுக்கில் வாயை வைத்துப் பேசினாள். ‘டோரியோன் மாமா, நாங்கதான்’ என்றாள்.”

மெலிட்டா அசையவில்லை. “எப்படிச் சொன்னாள்?”

“எப்போதும் பேசுகிற மாதிரி. ஆள் தெரியாமல் சாத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். சொன்னால் திறந்துவிடுவேன் என்று நினைத்தாள்.”

“அவள்தான் என்று எப்படித் தெரியும்?”

“பேசும்போது பல்லில் காற்று இடிக்கும் அவளுக்கு.”

கீழே யாரோ எதையோ சொல்லிச் சிரித்தார்கள். கட்டை அடிப்பது நின்று, மறுபடி தொடங்கியது.

“எத்தனை தடவை சொன்னாள்?”

“மூன்று தடவை.”

“மூன்று தடவையும் அதே குரலா?”

டோரியோன் தலை நிமிர்ந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் அதற்காகத்தான் காத்திருப்பது போல இருந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். அந்த ஒரு வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

“இல்லை” என்றான். “இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னாள். குதிரைகள் பக்கத்தில் வந்துவிட்டன. மூன்றாம் தடவை, மாமா என்று சொல்லவில்லை. நாங்கதான் என்று மட்டும் சொன்னாள்.”

மெலிட்டா முன்னால் குனிந்தார். நெற்றி தரையைத் தொட்டது. அவர் தொண்டையிலிருந்து வந்த ஓசையைப் போல் ஒன்றை டோரியோன் அந்தக் காலையில்கூடக் கேட்டதில்லை. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது, ஓடவில்லை. தொட்டுத் தேற்றலாமா என்று நினைத்துக் கையை நீட்டினான், பிறகு அந்தக் கைக்கு அந்த உரிமை இல்லை என்று மடக்கிக்கொண்டான். கண்ணை மூடி மேலே ஏறிப்போகவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜன்னல் வழியே விழுந்த வெயில் சுவரோரம் வரை நகர்ந்தது. மெலிட்டா எழுந்து உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டார். அவர் கூந்தலில் தரையின் தூசி ஒட்டியிருந்தது.

டோரியோன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அம்மா, இப்போது உங்கள் மனம் அடங்கியதா?”

“இல்லை. உங்களுடையது?”

“இல்லை.”

“நாளைக்கு வாருங்கள்” என்றார் மெலிட்டா.